இரண்டு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில்

கொழும்பு வெள்ளவத்தை மரைன் டிரைவில் விடியற்காலையில் நடப்பவர்களை ஒருமுறை நின்று கவனித்துப் பாருங்கள். தொப்பி, வெள்ளைச் சப்பாத்து, கையில் சின்னத் தண்ணீர்ப் போத்தல். ஐம்பதைத் தாண்டியவர்கள்தான் அநேகம். எதிரெதிரே வரும்போது காலை வணக்கத்துக்கு முன்பே "பாஸ்டிங் எவ்வளவு?" என்று கேட்டுக்கொள்வார்கள். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சீனி அளவைத்தான். ஒருவர் நூற்றி நாற்பது என்பார். மற்றவர் தன்னுடையது நூற்றிப் பத்துக்கு இறங்கிவிட்டது என்று சொல்லும்போது பேரனுக்கு கம்பஸ் கிடைத்த மாதிரி முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மழை பெய்தால் குடையோடும் நடக்கிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் யார் இல்லை என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. பத்து வயதுப் பிள்ளை இல்லவே இல்லை. முப்பத்தைந்து, நாற்பது வயதுப் பெண்கள் அங்கொருவர் இங்கொருவர். எங்கள் ஆட்களிடையே நடை என்பது டொக்டர் துண்டில் எழுதிக் கொடுத்த பிறகு தொடங்கும் காரியமாகிவிட்டது. அதற்கு முன்னால் இருபது, முப்பது வருடம் உடம்பு அசையாமலே கழிந்திருக்கும்.

உடம்பு பெருப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோருக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். கொத்து ரொட்டி என்பார்கள், போன் என்பார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளின் சோம்பல் என்பார்கள். நான் ஓ.எல். வகுப்பில் ஒரு மகனும் ஐந்தாம் ஆண்டில் ஒரு மகளும் இருக்கிற, வேலைக்குப் போகிற அம்மா. என்னைக் கேட்டால் கொத்தும் போனும் பிறகு வருபவை. முதலில் நேரசூசியைப் பாருங்கள் என்பேன். கொழும்புத் தமிழ் வீடுகளில் பிள்ளைகளின் எடை பகல் இரண்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் இடையில் ஏறுகிறது. அந்த ஆறு மணித்தியாலத்தை அப்படியே விட்டுவிட்டுப் பாணைக் குறை, சோற்றைக் குறை என்று சொல்வதில் பெரிய பலன் இல்லை.

எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுவதும் உடற்பருமனோடு வாழ்பவர்கள் 2022இல் நூறு கோடியைத் தாண்டிவிட்டார்கள். 1990க்கும் 2022க்கும் இடையில் சிறுவர்களிடையே அந்த விகிதம் நான்கு மடங்காகியிருக்கிறது. எங்கள் நாட்டுக் கதையைச் சீனி வருத்தத்தை வைத்துச் சொல்வதுதான் சுலபம். 2005, 2006 வாக்கில் எடுத்த தேசிய ஆய்வில் இலங்கையில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருந்தது. நகரங்களை மட்டும் எடுத்தால் பதினாறு பேர். 2018, 2019இல் எடுத்த வேறோர் ஆய்வில் நாடு முழுவதற்குமே 23 வீதம் என்று வந்தது. இரண்டையும் ஒரே அளவுகோலால் எடுக்கவில்லை, ஆகவே நேராகக் கழித்துப் பார்க்கக் கூடாது. ஆனால் இன்று எந்தத் தமிழ் வீட்டின் சாப்பாட்டு மேசையைப் பார்த்தாலும் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு மெற்போமின் மாத்திரை அட்டை கிடக்கும். இதைச் சொல்ல ஆய்வும் தேவையில்லை.

"என்ர பிள்ளை குண்டு இல்லையே, சும்மா ஒரு சின்ன வண்டிதானே" என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு கதை சொல்ல வேண்டும். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. ஒருவர் பூனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்துக்காரரான யுட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடற்திணிவுச் சுட்டெண் இருவருக்கும் 22.3தான். வெளியில் பார்த்தால் இருவரும் ஒல்லி. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். தெற்காசிய உடம்பின் வஞ்சகம் இதுதான். கையும் காலும் மெலிந்தே இருக்கும். தசை குறைவு. கொழுப்பு வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிப் போய்ச் சேரும். அதனால்தான் எங்களுக்கு அந்தச் சுட்டெண் 25 ஆகும்வரை பொறுத்திருக்கக் கூடாது, ஆசியர்களுக்கு 23இலேயே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதே ஆண்டில் எழுதியது. இடுப்பளவு என்றால் தெற்காசிய ஆண்களுக்கு எல்லை 90 சென்றிமீற்றர், பெண்களுக்கு 80. தராசு தேவையில்லை, தையல் நாடா போதும்.

தையல் நாடா என்றதும் எனக்கு எங்கள் தையல்காரர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். ஒழுங்கைக்குள் ஒரு சின்னக் கடை, இரண்டு மெஷின், சுவர் முழுவதும் பாடசாலைச் சீருடைகள். மகனின் நீளக் காற்சட்டைக்கு அளவெடுக்கும்போது நாடாவை இடுப்பில் சுற்றிவிட்டு இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். "உள்ளுக்கு ரெண்டு இஞ்சி துணி மடிச்சு விடுறன் அக்கா, தவணை முடிய வேண்டி வரும்" என்றார். நான் ஏதோ கேட்கப்போக, "முந்தியெல்லாம் நீளத்துக்குத்தான் மடிச்சு விடுறது" என்று சொல்லிக்கொண்டே சோக்கால் கோடு போட்டார். பெடியன்கள் வளர வளரக் காற்சட்டையின் கீழ்மடிப்பை அவிழ்த்து விடுவதுதான் அந்தக் காலத்துப் பழக்கம். இப்போது இடுப்பில் அவிழ்க்கிறார்கள். இந்த ஊரில் சீனி வருத்தம் யார் வீட்டுக்கு வரப்போகிறது என்று எந்தக் கிளினிக்குக்கும் முன்னால் அந்த மனிதருக்குத் தெரியும்.

சரி, நேரசூசிக்கு வருகிறேன்.

வான் ஆறு மணிக்கு வாசலுக்கு வந்துவிடும். அதனால் பிள்ளை ஐந்துக்கு எழும்ப வேண்டும். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளைக்கும் பசிக்காது. ஒரு கோப்பை மோல்ற் பால், இரண்டு பிஸ்கற், அவ்வளவுதான். நாலரைக்கு எழும்பி அவித்த இடியப்பமும் சொதியும் மேசையில் ஆறிக் கிடக்கும். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுகிறது. இடைவேளை கொஞ்ச நேரம், சிற்றுண்டிச்சாலையில் நெரிசல். காலி வீதி நெரிசலில் வான் ஊர்ந்து வந்து சேரும்போது இரண்டரை. மூன்று மணிக்கு விஞ்ஞான வகுப்பு. வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சோற்றைப் போட்டுச் சாப்பிட நேரம் இருக்கிறதா? சில நாள் இருக்கும். பல நாள் வான் நேராக ரியூசன் வாசலில் இறக்கிவிட்டுப் போகும். விஞ்ஞானம் முடிய ஆங்கிலம், ஆறு மணிக்குக் கணிதம். வீடு வந்து சேர எட்டு. இரவுச் சாப்பாடு ஒன்பதரை. அதற்குப் பிறகு வீட்டுப்பாடம். படுக்கப் பதினொன்று.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள். இங்கே கிடைப்பது ஆறு. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹோர்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் ஹோர்மோன் குறைகிறது. இது ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்த விஷயம். நாளுக்கு ஒரு மணித்தியாலமாவது ஓடியாட வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனம் இந்த வயதுக்குச் சொல்லும் கணக்கு. மேலே எழுதிய நேரசூசியில் அந்த ஒரு மணித்தியாலத்தை எங்கே செருகுவது என்று யாராவது காட்டினால் நான் நன்றியோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது அந்த ரியூசன் ஒழுங்கையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். இரண்டு வகுப்புக்கு நடுவில் பத்து நிமிடம் இடைவெளி. அறுபது, எழுபது பிள்ளைகள் படிகளில் இறங்கி வருவார்கள். எதிரே ஒரு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் மீன் ரோல்ஸ், முட்டை ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், மாலுபாண். பக்கத்தில் குளிர்பானம் நிறைந்த ஒரு குளிர்சாதனப் பெட்டி, கதவு திறந்து மூடி ஓயாது. பழம் இருக்கிறதா என்றால் வாழைப்பழக் குலை ஒன்று மூலையில் தொங்கும், கறுத்துப்போய். ரோல்ஸைக் கையில் எடுத்தால் சுற்றிக் கொடுத்த கடதாசியில் எண்ணெய் ஊறி எழுத்துத் தெரியும். கோதுமை மாவில் மெல்லிய ரொட்டி ஊற்றி, உள்ளே கிழங்கை வைத்துச் சுற்றி, மறுபடி மாக் கரைசலில் தோய்த்து, பாண் தூளில் புரட்டி, எண்ணெயில் பொரித்தால் ரோல்ஸ். மாச்சத்துக்குள் மாச்சத்து, அதற்கு மேலும் மாச்சத்து. மீன் சாட்சிக்கு. சுவைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பதினைந்து வயதில், காலையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாத வயிற்றுக்கு அதைவிட ருசியான சாமான் உலகத்தில் கிடையாது. இரண்டு ரோல்ஸ், ஒரு போத்தல் சோடா. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் ஏசி அறையில் பிளாஸ்ரிக் கதிரையில் மறுபடி ஒன்றரை மணித்தியாலம்.

அந்தச் சோடாப் போத்தலின் வட்டத்தைப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பழக்கலாம். 2016 ஓகஸ்டிலிருந்து இலங்கையில் இனிப்புப் பானங்களில் நிற வட்டம் போட வேண்டும் என்பது சட்டம். நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2க்கும் 11க்கும் இடையில் மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. நல்ல சட்டம். 2017 நொவம்பரில் சீனி ஒரு கிராமுக்கு 50 சதம் என்று வரியும் கொண்டுவந்தார்கள். பிறகு அதைத் தளர்த்தினார்கள். எங்கள் நாட்டில் எந்த நல்ல வரிக்கும் ஆயுள் அவ்வளவுதான்.

ஆனால் மஞ்சள் வட்டத்தைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். நூறு மில்லிலீற்றரில் பத்துக் கிராம் சீனி என்றாலும் அது மஞ்சள்தான். நானூறு மில்லிலீற்றர் போத்தல் ஒன்றை முழுதாகக் குடித்தால் நாற்பது கிராம், தேக்கரண்டிக் கணக்கில் எட்டுக்கு மேலே. ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. என் மகனுடைய வகுப்பில் இந்தக் கணக்கை ஆறு செக்கனில் செய்யாத பிள்ளை இருக்காது. அதற்குத்தானே அந்த வகுப்புக்கே போகிறார்கள்.

பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கலாம், என்ன விற்கக் கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது. ரியூசன் வாசலுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பிள்ளை பாடசாலையில் இருக்கும் நேரத்துக்கும் ரியூசனில் இருக்கும் நேரத்துக்கும் இப்போது பெரிய வித்தியாசம் இல்லை. சனி ஞாயிறைச் சேர்த்தால் சில வீடுகளில் ரியூசன்தான் கூட. அப்படியிருக்க அரசாங்கத்தின் கண்ணில் படாத இரண்டாவது பாடசாலை ஒன்று ஒவ்வோர் ஒழுங்கைக்குள்ளும் நடக்கிறது. மைதானம் இல்லை, விளையாட்டு ஆசிரியர் இல்லை, இல்ல விளையாட்டுப் போட்டி இல்லை. அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை, ஏனென்றால் பெறுபேறு வருகிறது.

உடனே ஒரு கேள்வி வரும் என்று தெரியும். "நாங்களும் ரியூசனுக்குப் போய்த்தானே வளர்ந்தனாங்கள்?" உண்மை. நான் தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் படித்தவள். அங்கே ரியூசன் வெறி கொழும்பை விட ஒரு பிடி கூடவே இருந்தது. கொட்டிலுக்குள் வாங்கு போட்டு நூற்றைம்பது பேர் இருப்போம். ஆனால் எப்படிப் போனோம்? பொருளாதாரத் தடைக் காலம், பெற்றோல் கிடையாது. கோண்டாவிலிலிருந்து டவுணுக்குச் சைக்கிள். ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கும் சைக்கிள். எதிர்க்காற்றில் மிதித்து வந்து, கிணற்றில் அள்ளிக் குளித்து, அம்மா போட்ட புட்டைச் சாப்பிட்டால் அது வயிற்றில் தங்குமா? ஊரில் எல்லோரும் ஒல்லி. அதில் பாதி சைக்கிள், பாதி பஞ்சம். அந்தக் காலத்தைத் திரும்பக் கேட்கிற பைத்தியம் நான் இல்லை. இடப்பெயர்வில் காய்ந்த பாணுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு மெலிவு என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். ஆகவே குற்றம் ரியூசனில் மட்டும் இல்லை. அதற்குப் போகிற வழியில் கால் அசைந்த காலம் போய்விட்டது, அதுதான் விஷயம்.

காலி வீதியில் ஒரு பிள்ளையைச் சைக்கிளில் விட எந்தத் தாய்க்குத் துணிவு வரும்? பஸ்காரர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் பெரியவர்களே வீதியைக் கடக்கப் பயப்படுகிறார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு நின்றபோது கொஞ்ச மாதம் இந்தக் கொழும்பே மாறியிருந்தது. சைக்கிள் விலை எக்கச்சக்கமாக ஏறியது. கழுத்துப்பட்டி கட்டிய கனவான்கள் சைக்கிளில் அலுவலகம் போனார்கள். மரைன் டிரைவில் பிள்ளைகள் வரிசையாக ஓட்டிப் பழகினார்கள். கியூஆர் கோட் வந்து பெற்றோல் கிடைத்ததும் அந்தச் சைக்கிள்கள் எல்லாம் தொடர்மாடிகளின் கீழ்த்தளத்துத் தூண்களில் சங்கிலி போட்டுக் கட்டப்பட்டன. எங்கள் கட்டடத்தில் இப்போதும் சில அப்படியே நிற்கின்றன, சில்லில் காற்று இல்லாமல்.

இப்போது அம்மாமாரைப் பற்றி. இலங்கையில் எந்த ஆய்வை எடுத்தாலும் அதிக எடை ஆண்களை விடப் பெண்களிடமே கூட. இதை வாசித்துவிட்டு ஒரு உறவினர் (ஆண்தான், வேறு யார்) "வீட்டில இருந்து நாடகம் பாக்கிறதுதான்" என்றார். அவர் நாலரைக்கு எழும்புவதில்லை. நாலு பேருக்குச் சோற்றுப் பெட்டி கட்டுவதில்லை. கொள்ளுப்பிட்டியில் இருக்கும் என் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கதிரை. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தேநீர் கொண்டு வரும் அண்ணன் கேட்காமலே பால் தேநீரில் இரண்டு கரண்டி சீனி போட்டுத்தான் தருவார். "சீனி இல்லாமல் தாங்கோ" என்று சொன்னால் "ஏன் மிஸ், வருத்தமா?" என்று உண்மையான கவலையோடு கேட்பார். சீனியை நிறுத்த இங்கே ஒரு நோய் இருந்தாக வேண்டும். "இல்லை அண்ணை, வராமல் இருக்கத்தான்" என்றால் சிரிக்கிறார். இப்போது என் கோப்பைக்கு ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார், மற்றவர்களுடையதோடு மாறாமல் இருக்க. அதே தளத்தில் இன்னும் சில கோப்பைகளில் நூல் ஏறியிருக்கிறது.

வேலை முடிந்து வந்தால் ரியூசன் வாசல். ஆறு மணிக்கு ஆங்கில வகுப்பு விடும்வரை அம்மாமார் காருக்குள்ளும் ஓட்டோவுக்குள்ளும் கடைப் படியிலும் இருப்போம். இதுதான் எனக்கு மிகவும் உறுத்திய நேரம். ஒன்றரை மணித்தியாலம் ஒரே இடத்தில் இருந்து, அலுப்புக்கு ஒரு பற்றிஸ், ஒரு பிளேன்ரீ, வாட்ஸ்அப்பில் மெலிவதற்கு வெந்தயத் தண்ணீர் குடிக்கும் முறை. அங்கிருந்து கடற்கரை வீதி நடந்தால் ஐந்து நிமிடம். ஆனாலும் யாரும் எழும்பவில்லை. ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பெண் பின்னேரம் தனியாக நடந்தால் அது நடையாக யார் கண்ணிலும் படாது. "என்ன அன்ரி, இந்தப் பக்கம்?" என்று நாலு பேர் கேட்பார்கள். சேலையோடும் அலுவலகச் சப்பாத்தோடும் நடப்பது கஷ்டம். உடுப்பு மாற்ற வீட்டுக்குப் போனால் சமையலறை பிடித்துக்கொள்ளும்.

கைப்பையில் ஒரு சோடி கன்வஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போகத் தொடங்கினேன். சேலைக்குப் பதிலாகச் சல்வார். பக்கத்தில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டேன், அவர் தன் தங்கையைக் கூப்பிட்டார். இப்போது வகுப்புத் தொடங்கியதும் ஒரு சின்னக் கூட்டமாக இறங்கிக் கடலோரம் பம்பலப்பிட்டிப் பக்கம் நடந்துவிட்டு வகுப்பு விடும் நேரத்துக்கு வந்துவிடுவோம். கூட்டமாகப் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடம் மிதமான வேகத்தில் அசைய வேண்டும் என்று பெரியவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது இந்தக் காத்திருக்கும் நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஜிம்முக்குக் காசும் வேண்டாம், விடியற்காலை எழும்பவும் வேண்டாம். மெலிந்தேனா என்று கேட்காதீர்கள். தராசு பெரிதாக அசையவில்லை. மூன்றாம் மாடிக்கு லிப்ட் இல்லாமல் ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை, முழங்கால் நோவு குறைந்திருக்கிறது. எனக்கு அது போதும். நடை ஒன்றாலேயே எடை கிடுகிடுவென்று இறங்கும் என்று நம்பிவிட்டுப் பிறகு வெறுத்து விடுகிறவர்கள் நிறையப் பேர். எடைக்குச் சாப்பாட்டுப் பக்கம்தான் பெரிய கை. நடையின் வேலை சீனியையும் பிறஷரையும் கட்டுப்பாட்டில் வைப்பது, தசையைக் காப்பது.

சாப்பாட்டுப் பக்கம் எங்கள் வீட்டில் பெரிய எதிரி கடை இல்லை, என் மாமியார். அன்புக்கு அவரிடம் ஒரே ஒரு பாஷைதான், கோப்பையில் சோறு போடுவது. போதும் என்று கையால் மறைத்தால் விரல் இடுக்கால் இன்னொரு கரண்டி விழும். எண்பத்து மூன்று கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலில் யாழ்ப்பாணம் போனவர். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை மூட்டை கட்டியவர். பேரனுடைய கன்னம் உப்பியிருந்தால்தான் அவருக்கு நித்திரை வரும். அவரிடம் போய்க் கலோரி கதைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அவரிடம் ஒரு வேலையைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. "மாமி, தம்பி பின்னேரத்தில ரோல்ஸ் திண்டு வயித்தைக் கெடுக்கிறான், நீங்கள்தான் ஏதாவது செய்து தரவேணும்" என்றேன். அவ்வளவுதான். கடைச் சாப்பாட்டின் மேல் அவருக்கு உள்ள வெறுப்பு எந்த ஊட்டச்சத்து நிபுணருக்கும் வராது. கடலை அவித்து, செத்தல் மிளகாய், வெங்காயம், தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்து ஒரு டப்பா. இன்னொரு நாள் அவித்த பயறு. இன்னொரு நாள் குரக்கன் ரொட்டியும் கட்டைச் சம்பலும். மூடிய டப்பாவைத் திறந்தால் நாலு பேர் கை நீட்டுகிறார்கள் என்கிறான் மகன். சோடாவை அவன் விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் குடிக்கிறான், வட்டத்தைப் பார்த்துத்தான் குடிக்கிறான். அதற்கு மேல் அவனை நெருக்க நான் விரும்பவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையின் உடம்பைப் பற்றி வீட்டில் ஓயாமல் கதைத்தால் அவன் ஒளித்துச் சாப்பிடப் பழகுவான். பெண் பிள்ளை என்றால் இன்னும் மோசம், சாப்பிடாமலே விட்டுவிடுவாள். கல்யாண வீட்டில் "என்ன, நல்லா வச்சிட்டாய்!" என்று பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளும் சொந்தங்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தையும் கொஞ்சம் அசைத்தோம். எட்டு மணிக்கு வந்தவுடன் சாப்பாடு, ஒன்பதரைக்கு இல்லை. அதற்கு நான் இரவுச் சமையலைக் காலையிலேயே பாதி முடித்து வைக்க வேண்டும், இவர் வந்து தேங்காய் துருவிக் கறியைக் கூட்டி வைக்க வேண்டும். தேங்காய் துருவும் ஆம்பிளை என்று இவருடைய நண்பர்கள் பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். ஒரு வகுப்பையும் நிறுத்தினோம். ஆங்கிலம். வீட்டில் வாசித்தால் வரக்கூடிய பாடத்துக்கு வகுப்பு எதற்கு என்று அவனே கேட்டான். அவனுடைய வகுப்பு ஆசிரியை மட்டும் என்னைக் கூப்பிட்டு, இந்த வருடத்தில் இப்படிச் செய்யலாமா என்று கவலைப்பட்டார். நான் என்னுடைய காத்திருக்கும் நேரத்தைக் கணித வகுப்புப் பக்கம் மாற்றிக்கொண்டேன்.

மிச்சமான அந்த ஒன்றரை மணித்தியாலத்தை என்ன செய்வது என்பதில்தான் இப்போது சண்டை. சுதந்திர சதுக்கத்துக்குப் போகலாம், அருமையான நடைபாதை, விடிய நேரம் போனால் வல்லாரைக் கஞ்சி விற்கிறார்கள். விகாரமகாதேவிப் பூங்கா இருக்கிறது. ஆனால் பின்னேரத்தில் காலி வீதியைத் தாண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். கொட்டாஞ்சேனையில் இருக்கிறவர்களுக்கு அதுவும் இன்னும் தூரம். ஆறு மாடி, எட்டு மாடி என்று ஒழுங்கை முழுக்கத் தொடர்மாடிகள் எழும்பியபோது இருந்த வீட்டு முற்றங்கள் எல்லாம் வாகனத் தரிப்பிடமாகிவிட்டன. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலும் "இங்கு பந்து விளையாடத் தடை" என்று மூன்று மொழியிலும் பலகை தொங்குகிறது. பின்னேரம் நாலரையிலிருந்து ஆறு வரை பாதி வாகனங்கள் வந்திருக்காது, இடம் வெறுமையாகக் கிடக்கும். பிள்ளைகள் பலகையைச் சுற்றி நின்று போன் பார்ப்பார்கள்.

கடந்த மாதம் நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த ஒன்றரை மணித்தியாலம் ரெனிஸ் பந்தில் மட்டும் விளையாட அனுமதி வேண்டும் என்று. பன்னிரண்டு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். அதில் மூன்று பேர் மரைன் டிரைவில் விடிய நடக்கிற தாத்தாமார். கூட்டத்தில் செயலாளர் ஐயா நல்ல மனிதர்தான், பிள்ளைகள் விளையாடினால் தனக்கும் சந்தோசம் என்றார். ஆனால் கார்க் கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். பொறுப்பை எழுத்தில் கேட்டார்கள். நானும் இன்னும் இரண்டு அம்மாமாரும் முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். பலகையை இன்னும் கழற்றவில்லை. அடியில் "மாலை 4.30 முதல் 6.00 வரை தவிர" என்று எழுதுவதற்கு மூன்று மொழியிலும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.